ஹார்ன் ஒலிக்காத வெள்ளிக்கிழமை

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் சயான் கோலிவாடா தெருவில் ‘பாம் பாம்’ என்று கேட்கும். சைக்கிளில் கட்டிய ரப்பர் ஹார்ன். கேரியரில் மூடி போட்ட பெரிய பாத்திரம் நிறைய இட்லியும் வடையும், பக்கத்தில் தொங்கும் தூக்குகளில் சாம்பாரும் சட்னியும். மும்பைக்காரர் யாருக்கும் இட்லி அண்ணாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாராவியிலும் கோலிவாடாவிலும் ஊர் தூங்கும்போதே அடுப்பை மூட்டி, விடிவதற்குள் நகரம் பூராவும் கிளம்பிப் போகிற நம் ஆட்கள்.

2020 மார்ச் கடைசியில் அந்தச் சத்தம் நின்றது. லோக்கல் ரயிலும் ஆபீஸும் நின்றதை மனம் எப்படியோ ஏற்றுக்கொண்டது. காலையில் ஹார்ன் கேட்காததைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஏப்ரலில் டேப்லெட்டில் ஒரு கட்டம் வரைந்தேன். ஒரு சால் (பல குடும்பங்கள் வரிசை வீடுகளில் வாழும் மும்பைக் குடியிருப்பு), அதன் வராந்தாவில் ஒரு தாத்தா, தெருப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். பேச்சுப் பலூனுக்குள் ஒன்றுமே இல்லை. அது ஜோக்கா கதையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்போது புதிதாக வெப்காமிக் (இணையத்தில் தொடராக வரும் படக்கதை) தொடங்குகிற தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “ஜோக் போட்டா ஆள் வருது, கதை சொன்னா போயிடுது. என்னக்கா பண்றது?” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன், எங்கே வழி கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கிய என் தொடரில் நாலே பேர். தாத்தா, எட்டு வயசுப் பேத்தி குட்டி, குட்டியின் அம்மா, இட்லி மாமா. செவ்வாயும் வெள்ளியும் ஒரு எபிசோட், ஒவ்வொன்றும் நாலு கட்டம். முதல் வருஷம் முழுக்க வெறும் ஜோக்தான். அதில் இரண்டு ஜோக் தானாகவே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தன. ஒன்று, யாராவது முக்கியமாக எதையோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இட்லி மாமாவின் ஹார்ன் அடிக்கும். பேச்சு அப்படியே அறுந்துபோகும். இரண்டாவது, தாத்தா வீட்டுக்குள் லுங்கியில் இருப்பார், வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் பேண்ட் மாட்டிக்கொள்வார். எதிர்க்கடையில் பால் பாக்கெட் வாங்கவும் பேண்ட்தான். சாலில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று எல்லாரும் கீழே ஓடும்போது தாத்தா மட்டும் பெல்ட் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த பேண்ட் என் கற்பனையில்லை. என் தாத்தா அப்படித்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாதர் பக்கம் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருந்தவர். அவர் பழக்கம் அது என்று நினைத்துத்தான் வரைந்தேன். பேண்ட் ஜோக் பத்துப் பதினைந்து தடவை வந்த பிறகு மாட்டுங்காவிலிருக்கும் பெரியம்மா போன் பண்ணினாள். “ஏட்டி, அப்பா எதுக்குப் பேண்ட் போட்டாருன்னு தெரிஞ்சுதான் வரையுதியா?” என்றாள். எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் சொன்னாள்.

1960களின் பின்பாதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகப் பெரிய அலை எழுந்தது. நம் ஆட்கள் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ என்று கோஷம். புங்கியை ஊது, லுங்கியை விரட்டு. ஓட்டல்களும் கடைகளும் அடிபட்டன. அதில் ஒரு நாள் தாத்தாவின் கடையும் போனது. அவர் அன்றைக்குப் பிறகு லுங்கியோடு தெருவில் இறங்கவே இல்லை. (புங்கி என்பது ஊதுகுழல். ஊதுகிற ஒன்றும் லுங்கியும் அந்தக் கோஷத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. என் தொடரிலும் ஹார்னும் லுங்கியும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இதை நான் கவனிக்கவே இரண்டு வருஷம் ஆனது.)

இப்படி ஒரு கதை கையில் கிடைத்த பிறகு ஜோக் வரைய மனம் வரவில்லை. என் முதல் பெரிய தப்பு அங்கேதான். 2021 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு லோக்கல் ரயிலைத் திறந்துவிட்டார்கள். நான் சயானில் ஏறி தாதரில் மாறி லோயர் பரேல் போகத் தொடங்கினேன். போகும்போது எழுதுவேன், வரும்போது எழுதுவேன். தொடர்ந்து ஒன்பது எபிசோட் தாத்தாவின் கடையைப் பற்றி. ஹார்ன் இல்லை, குட்டியின் வாய்த்துடுக்கு இல்லை, நிறத்தையும் குறைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கினேன். தாத்தா நின்ற இடத்தில் நின்று வரலாறு சொன்னார்.

நாலாவது எபிசோடிலேயே வாசகர்கள் அமைதியாகிவிட்டார்கள். முன்பெல்லாம் “எங்க வீட்டுத் தாத்தாவும் இப்படித்தான்” என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். இப்போது ஒரு கைகூப்பும் பொம்மை, அவ்வளவுதான். மரியாதையாக விலகிப்போகிறார்கள் என்பது புரிந்தது. ஒன்பதாவது வந்த அன்று பெரியம்மா கேட்டாள்: “எல்லாம் சரிதான்ட்டி. ஆனா இது எங்கப்பா மாதிரி இல்லியே. அவரு இவ்வளவு பேசவே மாட்டாரு. இட்லிக்காரன் எங்க போனான்?”

அந்த ஒன்பதையும் நான் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் எதுவும் போடவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்தபோது ஒன்று பிடிபட்டது. கதைக்கு ஜோக் இடைஞ்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசகர்களோ அந்தத் தாத்தாவை ஜோக் வழியாகத்தான் அறிந்திருந்தார்கள். பேண்ட்டை எடுத்துவிட்டால் அவர்களுக்கு அவர் யாரோ ஒருவர். யாரோ ஒருவருடைய கடை உடைந்ததற்கு மரியாதை கொடுக்கலாம், மனம் உடைய முடியாது.

வொர்லி கடற்கரைச் சாலையில், கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த காமன் மேன் என்ற சாமானியரின் சிலை நிற்கிறது. அந்தச் சாமானியர் கார்ட்டூன்களில் 1951லிருந்து ஒரே கட்டம்போட்ட கோட்டு, ஒரே வேட்டி, வாயைத் திறக்காமல் நின்றார். மாறியதெல்லாம் அவரைச் சுற்றியிருந்த நாடு. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது தாத்தாவுக்கும் அதுதான் வழி என்று பட்டது. தாத்தா மாற வேண்டாம். பேண்ட் அப்படியே இருக்கட்டும். பேண்ட்டைப் பார்க்கிற நம் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஒவ்வொரு எபிசோடுக்கும் இரண்டு வரி. ஒன்று: இதுவரை தொடரைப் பார்த்தே இராத ஒருவர் எதைக் கண்டு சிரிப்பார்? இரண்டு: கடைசிக் கட்டத்தில் எவருக்காவது எதாவது முன்பு இருந்ததிலிருந்து நகர்ந்ததா? நகர்வு சின்னதாக இருக்கலாம். குட்டி தாத்தாவின் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை இருப்பதைப் பார்க்கிறாள், தாத்தா இளைத்திருக்கிறார். சிரிப்பு பெல்ட்டில், நகர்வு ஓட்டையில். இரண்டாவது வரி காலியாக இருந்தால் அது வெறும் ஜோக். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் விடமாட்டேன். முதல் வரி காலியாக இருந்தால் அந்த எபிசோட் போகவே போகாது. அது எவ்வளவு கனமான எபிசோடாக இருந்தாலும் சரி.

முதல் வரியில் நான் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. தினத்தந்தியில் கன்னித்தீவு 1960லிருந்து வருகிறது. தினம் இரண்டு மூன்று கட்டம். அதைப் படித்தவர்கள் யாருக்கும் முன்கதை முழுக்கத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. இன்றைய கட்டத்தில் இன்றைக்கு ஒரு ஆபத்து இருக்கும். வெப்காமிக்கில் பழைய எபிசோடுகள் எல்லாம் ஒரு தட்டலில் கிடைக்கும் என்று சொல்வோம். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. யாரோ அத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது உங்கள் நாற்பத்தி மூன்றாவது எபிசோடாக இருக்கும். அந்த ஒன்றிலேயே அவர்கள் நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் பெரும்பாலும் சிரிப்புதான்.

எனக்கு மிகவும் உதவியது தமிழே. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறமொழி காமிக்ஸ் பார்த்து எழுதப் பழகினால் இது கண்ணில் படாது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஜோக்குக்கு அது தொல்லை. “தாத்தா பேண்ட் போட்டுக்கிட்டுதான் பால் வாங்கப் போவாரு” என்று எழுதினேன். சிரிக்க வேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொண்டது; அதற்குப் பிறகு வருகிற மூன்று சொற்களும் சிரிப்பின் மேல் மண் போடுகின்றன. பேச்சில் நாம் என்ன செய்கிறோம்? “போறாரு பாரு, பால் வாங்க… பேண்ட் மாட்டிக்கிட்டு!” சொல்லை வினைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறோம். ஜோக் எழுதும்போது எழுத்துத் தமிழை மறந்துவிட்டு, படிக்கட்டில் நின்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்வதைப் போல வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் எந்தச் சொல் விழுகிறதோ அதைத்தான் தனி பலூனில் போடுவேன்.

கதைக்கு இதே வினைதான் வரம். தாத்தா சொல்ல வருகிறார்: “அன்னைக்கு நான் லுங்கியோட தெருவுல…” பாம் பாம்! ஹார்ன் அங்கே விழுந்தால் வினை வரவில்லை. ஓடினாரா, நின்றாரா, விழுந்தாரா, அடித்தாரா? ஒன்றும் தெரியாது. வாசகர் சிரிக்கிறார், ஆனால் வாக்கியம் அவர் மனதில் முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது எபிசோட் வரலாறு செய்யாததை இந்த அறுந்த வாக்கியம் செய்தது. நாலு வருஷத்தில் பதினோரு தடவை தாத்தா அந்த வாக்கியத்தை ஆரம்பித்தார். பதினோரு தடவையும் ஹார்ன். அவ்வப்போது ஓரிரு சொல் மட்டும் கூடும். ‘தெருவுல’வுக்குப் பிறகு ‘கைய தூக்கிக்கிட்டு’ வந்தபோது, சிரிக்கிறேன் என்று எழுதுவதை வாசகர்கள் நிறுத்தியிருந்தார்கள். “தயவுசெஞ்சு இட்லி மாமாவ அஞ்சு நிமிஷம் லேட்டா வரச் சொல்லுங்க” என்று ஒருவர் கெஞ்சியிருந்தார்.

இதற்காகவே நான் எங்கள் தெரு இட்லி அண்ணனிடம் ஒரு நாள் ஹார்னைப் பற்றிப் பேசினேன். எதற்கு எப்போதும் இரண்டு தடவை அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு தடவ அடிச்சா காதுல விழாதும்மா. மூணு தடவ அடிச்சா திட்டுவாங்க” என்றார். அன்றிலிருந்து ஒரே எபிசோடில் ஒரு ஜோக்கை மூன்றாவது தடவை அழுத்துவதை நிறுத்தினேன்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் சுருக்கமாக. பழைய போட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றுங்கள், சரியாகிவிடும். பலூனை முதலில் எழுதி, பிறகு ஆளை வரையுங்கள். நம் சொற்கள் நீளம், பிற்பாடு நுழைத்தால் ஆளின் தலை வெட்டுப்படும்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது யாரையோ நோகடித்தது. ஆபீஸ் வேலை கூடும் வாரங்களுக்கு என்று ஆறேழு ஜோக் எபிசோடை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பேன். 2023 ஜனவரியில் தொடரில் தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். பொங்கல் வந்துவிட்டது, எனக்கு நேரமில்லை. இருப்பிலிருந்து ஒரு பொங்கல் ஜோக்கை எடுத்துப் போட்டேன். அதில் தாத்தா கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு, பேண்ட்டோடு, ஆடிக்கொண்டிருந்தார். “தாத்தா வீட்டுக்கு வந்துட்டாரா?” என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். இல்லை, இது தனி என்று சொன்னேன். ஒருவர் எழுதினார்: “எங்கப்பா இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரு. உங்க தாத்தாவுக்குச் சரியானா எங்கப்பாவுக்கும் சரியாகும்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்.” அதைப் படித்துவிட்டு அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு இருப்பில் வைக்கிற ஜோக்குகளில் தாத்தாவே கிடையாது. இட்லி மாமாவும் குட்டியும் மட்டும். யார் துன்பத்தில் இருக்கிறாரோ அவரைத் தனி ஜோக்குக்கு இரவல் வாங்கக் கூடாது. பண்டிகை வந்தே தீரும், அதைக் கதைக்குள்தான் கொண்டுவர வேண்டும். அடுத்த பொங்கலுக்குத் தாராவி தொண்ணூறடிச் சாலைக்கே போய் உட்கார்ந்து வரைந்தேன். தெருவோரம் வரிசையாக அடுப்பு வைத்து, புதுப் பானையில் பால் பொங்கும்போது மொத்தத் தெருவும் குலவை போடும். அந்த எபிசோடில், ஆஸ்பத்திரியிலிருந்து மெலிந்து திரும்பிய தாத்தா அந்தச் சாலையின் ஒரு முனையில் நின்று பார்க்கிறார். தெரு முழுக்க லுங்கியும் வேட்டியும். அவர் மட்டும் பேண்ட். யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் குட்டி: “தாத்தா, இங்க நீங்கதான் வெளியூர்க்காரர் மாதிரி இருக்கீங்க.” அது ஜோக். பலர் சிரித்தார்கள். பலருக்கு அதுதான் நெஞ்சில் தைத்த எபிசோட்.

சரி, ஹார்ன் ஒலிக்காத எபிசோடுக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ஒரு பதிவில் போடக்கூடிய படங்களைப் பத்திலிருந்து இருபதாக்கியது. நான் அப்போதுதான் தாத்தா வாக்கியத்தை முடிக்கப்போகிற எபிசோடை எழுதிக்கொண்டிருந்தேன். இருபது படம் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒன்றிலேயே சொல்லிவிட முனைந்தேன். முதல் வடிவம் பதினேழு படம். கடை, கோஷம், உடைந்த கண்ணாடி, ஓட்டம், பின்னால் வந்த வருஷங்கள். படித்துப் பார்த்தால் 2021இல் நான் எடுத்துவிட்ட அதே ஒன்பது எபிசோட். தாத்தா மறுபடி மேடையேறிவிட்டார்.

இரண்டாவது வடிவத்தில் பயந்துபோய் ஜோக்கை அள்ளிப் போட்டேன். இட்லி மாமா வழுக்கி விழுகிறார், சட்னி கொட்டுகிறது. தாத்தா கடை உடைந்ததைச் சொல்லும்போது பின்னால் ஒருவன் சட்னியில் சறுக்குகிறான். அதைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. வெளியிலிருந்து வருகிற சிரிப்பு வலியைத் துடைத்துவிடுகிறது. கனமான இடத்தில் சிரிப்பு வர வேண்டுமென்றால், அது அங்கே உட்கார்ந்திருக்கிறவர் வாயிலிருந்து, அவர் குணத்திலிருந்து வர வேண்டும்.

மாட்டுங்கா போய்ப் பெரியம்மாவிடம் மறுபடி கேட்டேன். அன்றைக்குக் கடையில் யார் இருந்தது? “நானும் இருந்தேன். ஏழு வயசு.” என்ன பார்த்தாய்? கொஞ்ச நேரம் யோசித்தாள். “பிஸ்கட் ஜாடியெல்லாம் ஒடைஞ்சு கெடந்துச்சு. நான் அப்பாட்ட கேட்டேன், ‘பிஸ்கட்ட நாம சாப்பிடலாமாப்பா’ன்னு. கண்ணாடி குத்தும்னு அவரே ஒவ்வொண்ணா எடுத்து, ஊதி ஊதிக் குடுத்தாரு.”

மூன்றாவது வடிவம் ஒன்பது படம். வராந்தா, வெள்ளிக்கிழமைக் காலை. தாத்தாவும் குட்டியும் தெருவைப் பார்க்கிறார்கள். “அன்னைக்கு நான் லுங்கியோட தெருவுல கைய தூக்கிக்கிட்டு…” அடுத்த படம் முழுவதும் தெரு. ஹார்ன் விழ வேண்டிய இடத்தில் வெற்று வானம். இருவரும் காத்திருக்கிறார்கள், வாசகரும் காத்திருப்பார். அதற்கு அடுத்த படத்தில்தான் வினை: “…நின்னேன்.” அவ்வளவுதான். ஓடவில்லை, அடிக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஜாடிகள் உடைந்தன. குட்டி கேட்கிறாள், “உள்ள இருந்த பிஸ்கட் என்னாச்சு தாத்தா?” தாத்தா அவளைப் பார்க்கிறார். “உங்கம்மைக்கு ஊதிக் குடுத்தேன்.” “எங்கம்மாவா? அவ அப்பவே பிஸ்கட் திருடியா?” எட்டாவது படத்தில் தாத்தா சிரிக்கிறார். அவர் சிரித்து நான் வரைந்தது அதுவே முதல் தடவை. ஒன்பதாவது: தாத்தா லுங்கியில், வாசல்படியின் இந்தப் பக்கம். கால் படியின் மேல். அந்தப் பக்கம் வைத்தாரா என்பது கட்டத்துக்கு வெளியே.

வெளியிடுவதற்கு முந்தின ராத்திரி, வியாழக்கிழமை, போனை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் அவளுக்குத்தான் காட்ட வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெற்று வானத்தில் விரல் நின்றது. அவள் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு அடுத்ததற்குப் போனாள். பிஸ்கட் வந்தபோது சிரித்தாள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றுதான் கேட்டாள்.

“செவ்வாக்கெழமை இட்லிக்காரன் வந்துருவாம்லா?”

“வந்துருவான் பெரிம்மா.”

“ம். வரச் சொல்லு.”